தோட்டத்து ஓரத்துல கால் ஏக்கர்: காட்டோட முறைப்படி காய்கறி போட முழு வழிகாட்டி

மலேசியாவுல, பேராக் மாநிலத்து பீடோர் பக்கம் செம்பனைத் (பாமாயில் பனை) தோட்டத்தை ஒட்டுன லயன் வீட்டுக்கு (தொழிலாளர் வரிசை வீடு) பின்னாடி கால் ஏக்கர் நெலத்துல ஏழு வருஷமா காய்கறி போடுறேன். அக்கம்பக்கத்துல புதுசா ஆரம்பிச்ச நெறைய பேருக்குக் கூட நின்னு மண்ணு வெட்டியும் குடுத்திருக்கேன். எல்லாரும் கடைசியில ஒரே கேள்வியோடதான் வருவாங்க, "அக்கா, செடி மஞ்சளா போகுது, என்ன மருந்து அடிக்கலாம்?" ஆனா தப்பு அந்தச் செடியில இருக்காது, ஆறு மாசத்துக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஏதோ ஒரு வேலையில இருக்கும். வேலை எல்லாருக்கும் தெரியும், எதுக்கு அப்புறம் எதுங்கறதுலதான் கோட்டை விடுறாங்க, அதனால இதுல வரிசையைத்தான் பெருசா சொல்லப் போறேன். காட்டோட முறைன்னா வேற ஒன்னுமில்ல, எரிக்காம, கிளறாம, மண்ணை எப்பவும் மூடியே வெச்சிருக்குறது.

வருஷக் கணக்கு இப்படி வரும். தீபாவளி மழையில நெலத்தைப் பாருங்க, கார்த்திகையில லாலாங் புல்லை மூடுங்க, பொங்கல் முடிஞ்சதும் பாத்தி எடுங்க, சித்திரை பொறந்ததும் நடுங்க. மேற்குக் கரையில ஏப்ரல், மே ஒரு மழை, அக்டோபர், நவம்பர் இன்னொரு மழை, நடுவுல ஜனவரி, பிப்ரவரி கொஞ்சம் காயும், மண்ணு வேலைக்கு அந்தக் காய்ச்சல்தான் தோது.

## 1. மொதல்ல நெலமும் பக்கத்து வேலியும்

நெலம் யாரோடதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. தோட்டத்து நெலம்னா ஆபீஸ்ல வாய்வார்த்தையா சொன்னதை நம்பி முருங்கையும் பலாவும் நடாதீங்க, வாழை, காய்கறியோட நிறுத்திக்குங்க. அரசாங்க நெலம்னா நில அலுவலகத்துல டி.ஓ.எல். (தற்காலிக நில அனுமதி) எடுக்கணும், அது அந்த வருஷக் கடைசியோட முடிஞ்சிரும், திரும்பப் புதுப்பிக்கணும். நான் சொல்ற முறையில மண்ணு தேறவே ரெண்டு மூணு வருஷம் ஆகும், பாதியில புடுங்கிட்டா உழைப்பெல்லாம் போயிரும்.

அதோட தோட்டத்து மண்டோர்கிட்ட (ஆளுங்களை வேலை வாங்குறவர்) எந்த நாள்ல புல் மருந்து அடிக்கிறாங்கன்னு கேட்டு வெச்சுக்குங்க. காத்துல அந்த மருந்து வந்து விழுந்தா மிளகாய் இலை சுருண்டு போகும், நாம வைரஸ்னு நெனச்சு செடியைப் புடுங்கிப் போட்டுருவோம். தோட்டத்துப் பக்கம் ரெண்டு மூணு மீட்டர் விட்டு செராயும் (எலுமிச்சைப் புல்) வாழையும் நெருக்கமா வெச்சு ஒரு தடுப்பு போடுங்க. இதை மொத மாசமே வைக்கணும், வளர நாளாகும்.

## 2. மழையில குடையைப் புடிச்சுட்டு நில்லுங்க

இதை யாரும் செய்ய மாட்டேங்கறாங்க, ஆனா மிச்ச எல்லாமே இதை வெச்சுதான். சாயங்கால மழை நல்லா கொட்டுறப்ப குடையோட போய் தண்ணி எங்க இருந்து உள்ள வருது, எங்க தேங்குது, எந்த வழியா மண்ணைத் தூக்கிட்டுப் போகுதுன்னு பாருங்க. ஒரு வாரம் பாருங்க, தேங்குற எடத்துல குச்சி நட்டு வைங்க. பெறகு ஒரு அடி ஆழக் குழி தோண்டி தண்ணி ஊத்துங்க, வடிஞ்சதும் இன்னொரு தரம் ஊத்துங்க, மறுநாள் காலையிலயும் தண்ணி நின்னா அது களி மண்ணு, அங்க பாத்தி இன்னும் ஒசரமா வரணும்.

ஊர்ல இருந்து, அதாவது தமிழ்நாட்டுல இருந்து வர்ற வீடியோ பாத்துட்டு அப்படியே செய்யறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க. அங்க வருஷத்துக்கு சராசரியா 900 சொச்சம் மில்லிமீட்டர் மழை, அதனால தண்ணியைப் புடிச்சு வைக்கப் பள்ளப் பாத்தி போடுவாங்க, அது அந்த மண்ணுக்குச் சரி. நமக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுது, பள்ளத்துல நட்டா வேரு மூச்சு விட முடியாம அழுகிப் போகும். இங்க தண்ணியை மெதுவா வெளிய அனுப்பணும், மண்ணை மட்டும் உள்ளயே நிறுத்திக்கணும்.

மேட்டு நெலம்னா சரிவுக்குக் குறுக்கால மட்டம் புடிக்கணும். மூணு கம்பை "ஏ" எழுத்து மாதிரி கட்டி உச்சியில இருந்து கயித்துல ஒரு கல்லைத் தொங்க விடுங்க. ரெண்டு காலையும் ரெண்டு எடத்துல ஊணி கயிறு குறுக்குக் கம்பைத் தொடுற எடத்துல கோடு போடுங்க, கால் ரெண்டையும் எடம் மாத்தி வெச்சு இன்னொரு கோடு போடுங்க, ரெண்டுக்கும் நடு மையந்தான் மட்டம். இதை வெச்சு நடந்து போய் குச்சி நட்டா மட்டக் கோடு கெடைச்சிரும். மொத வருஷம் நான் பார்வைக்கு அழகா இருக்கணும்னு சரிவோட நேரா மேல இருந்து கீழ பாத்தி எடுத்தேன், ஒரே மழையில மேல் மண்ணு மொத்தமும் லோங்காங்குக்கு (சாக்கடை வாய்க்கால்) போயிருச்சு. கீழ இருந்தது சிவப்பு மண்ணு, அதுல புல்லு கூட ஒழுங்கா மொளைக்கல.

## 3. லாலாங்கை எரிக்காதீங்க, மூடுங்க

லாலாங் புல்லுக்கு உயிரு மண்ணுக்கு அடியில ஓடுற கிழங்குல இருக்கு, நெருப்பு வெச்சா மேல இருக்குற மத்ததெல்லாம் சாகும், லாலாங் மட்டும் மொத ஆளா திரும்ப வரும். வெட்டுனாலும் அப்படித்தான், ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. ஆனா அதுக்கு நெழல் ஆகவே ஆகாது. செம்பனை பெருசாகி மட்டை மூடுன நெரைக்குள்ள லாலாங்கைத் தேடிப் பாருங்க, இருக்காது. அதையேதான் நாமளும் செய்யப் போறோம்.

புல்லை மிதிச்சுப் படுக்க வெச்சு, மளிகைக் கடையில கெடைக்கிற பெட்டி அட்டையை டேப் பிச்சுட்டு ரெண்டு அடுக்கா, ஒரு சாண் ஒன்னு மேல ஒன்னு ஏறுற மாதிரி விரிங்க. அதுமேல காஞ்ச இலை, செம்பனை மட்டை, செம்பனை மில்லுல இருந்து வாங்க முடிஞ்சா வெத்துக் குலை (பழம் எடுத்த பெறகு மிஞ்சுற குலை). மட்டையில முள்ளு இருக்குற அடிப்பாகத்தைப் பாராங்கால (வெட்டுக்கத்தி) வெட்டி எடுத்துருங்க. வாரம் ஒருக்கா சுத்தி வந்து அட்டையைக் குத்திட்டு வர்ற மொளையைப் புடுங்குங்க, ரெண்டு மூணு மாசத்துல கிழங்குல இருக்குற சேமிப்பு தீந்து சோர்ந்து போகும்.

வெத்துக் குலையை ஒரே அடுக்கா பரப்புங்க, குமிச்சு வைக்காதீங்க. குமிச்சு ஈரமா அழுகுனா அதுக்குள்ள காண்டாமிருக வண்டு முட்டை போடும், பெறகு பக்கத்து வீட்டுத் தென்னங்குருத்தும் தோட்டத்து இளங்கன்னும் ஓட்டையாகும். புதுசா மருந்து அடிச்ச நெரையில வெட்டுன புல்லையும் கொண்டாந்து போடாதீங்க.

மூடறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம ஊரு காட்டுல சத்து பெரும்பாலும் மரத்துலயும் இலையிலயும்தான் இருக்கு, மண்ணுல ரொம்பக் கம்மி, சூட்டுலயும் ஈரத்துலயும் விழுந்த இலை சீக்கிரம் மக்கி ஒடனே வேரு இழுத்துக்கும். நெருப்பு வெச்சா ஒரு போகத்துக்குச் சாம்பல் நல்லா வேலை செய்யும், அதுக்கப்புறம் மழை மிச்சத்தைக் கழுவிட்டுப் போயிரும். புதுசா எரிச்ச நெலத்துல மொத வருஷம் கீரை தளதளன்னு வந்து ரெண்டாம் வருஷம் ஒன்னுமே வராம போறது இதனாலதான்.

## 4. பாத்தி எடுக்குறதும் புளிப்பு எடுக்குறதும் ஒரே நாள் வேலை

பொங்கலுக்கு அப்புறம் பாத்தி. அகலம் 1.2 மீட்டர், ரெண்டு பக்கமும் நின்னு கை எட்டுற அளவு, உள்ள ஏறி மிதிக்கக் கூடாது. ஒசரம் 30 செ.மீ., களி மண்ணுல இன்னும் கூட. நீளம் 6 மீட்டர் வெச்சுக்கிட்டா கணக்குப் போட சுலபம். பாத்திக்கு நடுவுல இருக்குற நடபாதைதான் வாய்க்கால், மீட்டருக்கு ஒரு செ.மீ. இறக்கம் போதும், கடைசியில ஒரு குழி வெட்டி அதைச் சுத்தி வாழை வைங்க. ஓடி வர்ற மண்ணும் சத்தும் குழியில தங்கும், வாழை தண்ணியைக் குடிச்சுக்கும், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அந்த வண்டலை அள்ளித் திரும்பப் பாத்தியிலயே போடலாம்.

மொத வருஷம் மூணே மூணு பாத்திதான். ஏன்னு அஞ்சாவதுல சொல்றேன்.

நம்ம மேட்டு நெலத்து மண்ணு புளிப்பு மண்ணு, பி.எச். (புளிப்பு அளவு, எண்ணு கொறைஞ்சா புளிப்பு கூட) 4.5 பக்கம் இருக்குறது சாதாரணம். அந்தப் புளிப்புல மண்ணுல இருக்குற அலுமினியம் கரைஞ்சு வேரு நுனியைக் கருக்கிடும், பாஸ்பரஸ் பூட்டிக்கும், நீங்க எவ்வளவு உரம் போட்டாலும் செடிக்குக் கெடைக்காது. பி.எச். பாக்குற சின்ன கிட் வாங்கி நாலஞ்சு எடத்து மண்ணைக் கலந்து பாருங்க, விவசாய இலாகா ஆபீஸ்லயும் கேட்டுப் பாக்கலாம். 5.5க்குக் கீழ இருந்தா ஜி.எம்.எல். சுண்ணாம்பு (அரைச்ச மெக்னீசியம் சுண்ணாம்புக்கல்) சதுர மீட்டருக்கு 100ல இருந்து 200 கிராம், நம்ம 6 மீட்டர் பாத்திக்கு சுமார் ஒரு கிலோ, மேல் 15 செ.மீ. மண்ணுல நல்லா கலக்கணும். மேல தூவிட்டு விட்டா அங்கயே நிக்கும், கீழ எறங்காது, அதனாலதான் பாத்தி எடுக்குற அன்னிக்கே போடச் சொல்றேன், பெறகு மண்ணைக் கிளற மாட்டோம்.

ரெண்டு தப்பு அடிக்கடி பாக்குறேன். ஒன்னு, சுண்ணாம்பையும் கோழிச் சாணத்தையும் ஒரே நாள்ல கலக்குறது, கலந்தா மூக்கைத் துளைக்கிற வாடை வரும், அந்த வாடைதான் உங்க நைட்ரஜன், காத்துல போகுது. ரெண்டு வாரமாவது எடைவெளி விடுங்க. இன்னொன்னு, நல்லதுதானேன்னு அள்ளிக் கொட்டுறது. 7 தாண்டுனா இரும்பு, துத்தநாகம் எல்லாம் பூட்டிக்கிட்டு திரும்ப இலை மஞ்சளாகும். வெறகுச் சாம்பல் போடுறவங்க அதையும் சுண்ணாம்புக் கணக்குல சேத்துக்குங்க.

தெலுக் இந்தான் பக்கம் கரி மண்ணுல (மக்குன செடிகொடி சேந்த சதுப்பு மண்ணு, பீட்) இருக்குறவங்க என் அளவைப் பாத்துப் போடாதீங்க, அந்த மண்ணு வேற, அளவும் வேற, வாய்க்காலை ஆழமா வெட்டுனா நெலமே தாழ்ந்துரும்.

## 5. காத்திருக்குற நாள்ல ரெண்டு வேலை: பயறும் கம்போஸ்டும்

சுண்ணாம்பு போட்டு ரெண்டு வாரம் கழிச்சு பாத்தி முழுக்கத் தட்டைப்பயறு வெதைங்க, மளிகைக் கடை பயறே போதும், நெருக்கமா போடுங்க. தோட்டத்துல இளங்கன்னுக்கு நடுவுல புவேரேரியா, முக்குனான்னு கொடி விடுறாங்களே அதே வேலைதான், மண்ணை மூடும், வேரு முடிச்சுல இருக்குற ரைசோபியம் பாக்டீரியா காத்துல இருக்குற நைட்ரஜனைப் புடிச்சுக் குடுக்கும். ஆனா தோட்டத்துல இருந்து முக்குனாவை மட்டும் கொண்டாராதீங்க, அது ஒரே ராத்திரியில வளர்ற மாதிரி வளரும், உங்க கத்தரி, வேலி, கூரை எல்லாத்து மேலயும் ஏறும்.

ஒரு செடியைப் புடுங்கி வேரு முடிச்சை நகத்தால கீறிப் பாருங்க. உள்ள ரோஸ் கலரா இருந்தா வேலை நடக்குது, வெள்ளையா பச்சையா இருந்தா இல்ல, புளிப்பு இன்னும் போகலன்னு சந்தேகப்படலாம். பூ வைக்க ஆரம்பிச்சதும் அடியோட அறுத்து அங்கயே போடுங்க. காய்க்கட்டும்னு ஆசைப்பட்டா சேத்து வெச்ச நைட்ரஜன் விதைக்குப் போயிரும். வேரைப் புடுங்க வேணாம், அது அழுகுன வழியிலதான் பெறகு தண்ணியும் காத்தும் எறங்கும்.

கம்போஸ்ட் இதே நேரத்துல ஆரம்பிக்கணும். கோழிச் சாணம் ஒரு பங்கு, பச்சைப் புல்லு இலை ஒரு பங்கு, காஞ்ச இலை மூணு பங்கு, நீளம் அகலம் ஒசரம் எல்லாம் ஒரு மீட்டராவது இருக்கணும், அதுக்குக் கம்மியா இருந்தா சூடு நிக்காது. நுண்ணுயிர் 25ல இருந்து 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன்னு சாப்பிடும், சாணம் மட்டும் குமிச்சா நைட்ரஜன் மிஞ்சி நாறும், ஈ மொய்க்கும், மரத்தூள் மட்டும் போட்டா வருஷக் கணக்கா அப்படியே கெடக்கும், அதை மண்ணுல கலந்தா செடிக்குப் போற நைட்ரஜனையும் இழுத்துக்கும்.

மேல தகரமோ கேன்வாஸோ கட்டாயம் போடுங்க. நம்ம ஊருல கம்போஸ்ட் கெட்டுப் போறதுக்கு முக்கியக் காரணம் மழைதான், நனைஞ்சா காத்து போகாம குளுந்து புளிச்சுப் போகும். ஒரு இரும்புக் கம்பியைக் குத்தி வெச்சு கொஞ்ச நேரம் கழிச்சு உருவிப் புடிங்க, கையில ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியாத சூடு இருந்தா 55 டிகிரிக்கு மேல போகுது, களை விதையும் கிருமியும் சாகும். நாலு நாளைக்கு ஒருக்கா வெளிய இருக்குறது உள்ள போற மாதிரி பொரட்டுங்க. ரெண்டு மாசத்துல கறுப்பா, மழை பேஞ்ச மண்ணு வாசனையோட வரும். சந்தேகமா இருந்தா ஒரு டப்பாவுல போட்டு பாசிப்பயறு மொளைக்கப் போடுங்க, ஒழுங்கா மொளைச்சா செடிக்கும் ஆகும்.

இப்ப அந்த மூணு பாத்திக் கணக்கு. ஒரு கன மீட்டர் குமிச்சா பாதியா சுருங்கும். ஒரு பாத்திக்கு ரெண்டு இஞ்சு கனத்துல பரப்பவே ஒரு கன மீட்டர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வேணும். அப்ப ஒரு குவியல் ஒன்னரைப் பாத்திக்குக் கூட வராது, மூணு பாத்திக்கே ரெண்டு, மூணு குவியல் பொரட்டணும். பன்னெண்டு பாத்தி எடுத்தவங்க எல்லாரும் நடுவுல மூட்டை உரம் வாங்கத்தான் போறாங்க, நான் பாத்த வரைக்கும்.

## 6. காய்கறிக்கு முன்னாடி பூ

இது பூச்சி வேலை, ஆனா நடவுக்கு முன்னாடி வரணும். தோட்டத்து சடக்கு (ரோடு) ஓரமா வெள்ளையா ஒரு பூ வரிசையா நட்டிருப்பாங்க, காலையில எட்டு மணி வாக்குல விரியும், மலாய்க்காரங்க புங்கா புக்கூல் லாப்பான்னு சொல்லுவாங்க, அதோட பேரு டர்னேரா. அழகுக்கு வெச்சது இல்ல. செம்பனை இலையைத் தின்னுற பைப்புழுவுக்குள்ள முட்டை போடுற சின்னக் குளவிங்க அந்தப் பூவுல தேன் குடிச்சு உயிர் வாழும், குளவி இருந்தா புழு அடங்கும்.

நமக்கும் அதேதான். டர்னேரா, துளசி, பூக்க விட்ட கொத்தமல்லி, இதெல்லாம் பாத்தி முனையில மாசி மாசமே வெச்சிருங்க. நட்ட பெறகு வெச்சா புழு மொதல்ல வரும், குளவிக்கு எடமே இருக்காது.

## 7. நடவு: ஒசரம், நெழல், குடும்பம்

ஏப்ரல் மழை புடிக்கிற நேரம் கம்போஸ்டை மேல பரப்பி, அறுத்துப் போட்ட பயறை ஒதுக்கிக் குழி போட்டு நடுங்க, கிளற வேணாம். நாம 4 டிகிரி வடக்குல இருக்கோம், சூரியன் வருஷத்துல கொஞ்ச நாள் வடக்க, கொஞ்ச நாள் தெக்க சாயும், அதனால "ஒசரச் செடியை வடக்குல வை"ங்கற விதி இங்க செல்லாது. வாழை, பப்பாளியை மேற்குப் பக்கம் வைங்க, மத்தியான வெயிலை அது வாங்கிக்கும். பாத்தியில இருந்து ரெண்டு மீட்டராவது தள்ளி. அந்த நெழல்ல மஞ்சள், இஞ்சி, வெளிச்சத்துல மிளகாய், வெண்டை, கத்தரி, காலடியில கீரை, பந்தல்ல பாகல், நீட்டுப் பயத்தங்காய்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூணும் ஒரே குடும்பம். இதைத்தான் மறந்துடுறாங்க, கத்தரி எடுத்த எடத்துல மிளகாய் வெச்சுட்டு பயிரை மாத்திட்டோம்னு நெனைக்கிறாங்க. நல்லா பச்சையா இருக்குற செடி ரெண்டே நாள்ல தொங்கிப் போச்சுன்னா தண்டை வெட்டி கண்ணாடி கிளாஸ்ல தண்ணி ஊத்தி நுனி மட்டும் முங்குற மாதிரி புடிங்க, பால் மாதிரி நூல் நூலா எறங்குனா அது பாக்டீரியா வாடல், எந்த மருந்தும் கேக்காது. செடியை வேரோட எடுத்து நெலத்துக்கு வெளிய போட்டுருங்க, கம்போஸ்ட்ல போடாதீங்க, பாராங்கையும் சங்குலையும் (மண்வெட்டி) கழுவுங்க. அந்தப் பாத்தியில ரெண்டு வருஷமாவது இந்தக் குடும்பமே வேணாம், சோளம், கீரை, பயறுன்னு மாத்துங்க.

கத்தரி இல்லாம முடியாதுன்னா ஒரு வழி இருக்கு. காட்டுல தானா மொளைக்கிற சுண்டைக்காய்ச் செடிக்கு இந்த வாடலைத் தாங்குற வேரு. பென்சில் கனத்துக்கு வந்த சுண்டைத் தண்டை வெட்டி நடுவுல பொளந்து, ஆப்பு மாதிரி சீவுன கத்தரி நுனியைச் சொருகிக் கட்டி, பிளாஸ்டிக் பை மாட்டி நெழல்ல வைங்க. பத்து ஒட்டுனா எனக்கு ஆறு ஏழு புடிக்குது. என் மொத கத்தரிப் பாத்தி மூணாவது போகத்துல மொத்தமா தொங்குனதுக்கு அப்புறம் இதைத்தான் செய்யறேன், இப்ப அதே செடி வருஷம் தாண்டிக் காய்க்குது.

## 8. பூச்சி வந்ததும் ரெண்டு வாரம் பொறுங்க

பயத்தங்காயில அசுவினி அப்பும், ஒடனே கை மருந்துக்குப் போகும். அடிச்சா அசுவினியும் சாகும், அதைத் தின்ன வந்த பொறிவண்டும் சாகும், திரும்ப அசுவினி மட்டும் சீக்கிரம் பெருகும். இரை மொதல்ல, வேட்டைக்காரன் பெறகுதான் வருவான், அந்த எடைவெளியை விடுங்க. அதுவரைக்கும் தண்ணியைப் பீச்சிக் கழுவுங்க. எறும்பு சாரை ஏறுதான்னு பாருங்க, எறும்புதான் அசுவினிக்குக் காவல், பந்தல் கால்ல கிரீஸ் தடவித் தடுத்தீங்கன்னா பொறிவண்டு சுலபமா வேலை பாக்கும்.

பாகல்ல பழ ஈக்கு மருந்தே வேணாம், பிஞ்சு வெரல் நீளம் வந்ததும் பேப்பர்ல சுத்துங்க, விழுந்த காயை அன்னன்னிக்கே பொறுக்கி பிளாஸ்டிக் பையில கட்டி வெயில்ல போடுங்க. அப்படியே விட்டா ஒவ்வொரு காயும் அடுத்த கூட்டத்தை அனுப்பும்.

வேப்பெண்ணெய் கடைசி வழி, லிட்டருக்கு 5 மில்லி, ரெண்டு சொட்டு சோப்பு, தேனீ அடங்குன பெறகு சாயங்காலம், வந்திருக்குற செடிக்கு மட்டும். எலிக்கு விஷம் வைக்காதீங்க, தோட்டத்துல பொட்டி வெச்சு வளக்குற ஆந்தை விஷம் தின்ன எலியைப் புடிச்சா அதுக்கும் ஆபத்து. பழைய ஸ்டோர்ல பாராகுவாட் (புல் மருந்து) போத்தல் கெடந்தா தொடாதீங்க, 2020 ஜனவரியில இருந்து அதுக்கு நாட்டுல தடை, புள்ளைங்க கையில படாம பூட்டி வெச்சு இலாகாவுல கேட்டு ஒப்படைங்க.

## 9. அறுவடைக்கு அப்புறம் பாத்தியை வெறும் ஒடம்பா விடாதீங்க

காய் ஓஞ்ச செடியைத் தரையோட அறுங்க, நோய் இல்லன்னா அங்கயே துண்டு போட்டு மூடுங்க, அன்னிக்கே பயறு வெதைங்க. ஒரு நோட்டுல பாத்தி நம்பர் போட்டு என்ன குடும்பம், எப்ப வெச்சது, எப்ப வாடுச்சுன்னு எழுதுங்க, மூணாம் வருஷம் ஞாபகத்துல ஒன்னும் நிக்காது. வருஷம் ஒருக்கா பி.எச். பாருங்க, மழை புளிப்பைத் திரும்பக் கொண்டாந்துரும்.

அக்டோபர்ல மழை திரும்பும். அதுக்கு முந்தின வாரம் வாய்க்கால்ல விழுந்த இலையை வாரி, வாழைக் குழி வண்டலை அள்ளிப் பாத்தியில ஏத்தி, கம்போஸ்ட் கேன்வாஸைக் கட்டிட்டு, திரும்பக் குடையை எடுத்துட்டுப் போய் நின்னு பாருங்க, போன வருஷம் குச்சி நட்ட எடத்துல தண்ணி இன்னும் தேங்குதான்னு. தேங்குனா நாலாவது பாத்தியை அங்க எடுக்காதீங்க, கங்கோங் (தண்ணியில வளர்ற கீரை) போட்டு விடுங்க.